ஏழடி இரண்டங்குல ஆள்

உட்காருங்கள் அண்ணாச்சி. அந்த ஸ்டூல் வேண்டாம், அது ஆடும். இதோ, இதில் உட்காருங்கள். பிரின்சிபால் மேடம் வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். வள்ளியூர் வரை போயிருக்கிறார்கள். விண்ணப்பத்தைக் கீழே கொடுத்துவிட்டீர்கள் அல்லவா? மகள் எங்கே? பட்டறையைப் பார்க்கப் போயிருக்கிறாளா? பார்க்கட்டும். பார்க்கத் தெரிந்த பிள்ளையா என்று நாங்களும் பார்க்க வேண்டுமே.

தென்காசியில் மரக்கடை என்றீர்கள். நல்லது. மரம் அறுக்கிற வீட்டுப் பிள்ளை என்றால் எனக்குப் பாதி வேலை மிச்சம். மற்ற பிள்ளைகளுக்கு ஓர் அங்குலம் என்றால் என்ன என்று சொல்லிக் கொடுக்கவே ஒரு பருவம் போய்விடுகிறது.

என் பெயர் கோமதிநாயகம். இந்தக் கட்டடக்கலைக் கல்லூரியில் முதலாண்டு ஸ்டூடியோ இருபத்தொரு வருடமாக என் பொறுப்பு. ஸ்டூடியோ என்றால் வேறொன்றும் இல்லை, இந்தக் கூடம்தான். மேஜை போட்டு, அட்டை வெட்டி, பிள்ளைகள் சின்னச் சின்னதாகக் கட்டிப் பழகுகிற இடம். வாரத்தில் மூன்று நாள், காலை முதல் மாலை வரை. பாடப்புத்தகம் கிடையாது. அவர்கள் செய்வார்கள், நான் பார்ப்பேன், "பிரித்துவிட்டு மறுபடி செய்" என்பேன். அதுதான் பாடம்.

மாடிப்படிக்குப் பக்கத்து பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாளே, கவனித்தீர்களா? குள்ளமாக, மடியில் கறுப்பு அட்டை போட்ட நோட்டோடு? முப்பிடாதி. களக்காட்டுப் பெண். விடுமுறை விட்டு மூன்று வாரம் ஆகிறது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பஸ் ஏறி வந்துவிடுகிறாள். எதற்கு? என் கையெழுத்துக்கு. அந்த நோட்டில் நான் எழுதிய ஒரு வரியை நானே அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். இன்றைக்குக் கடைசி நாள். நாலு மணிக்குக் கூரியர்க்காரன் வருகிறான். அதற்குள் போட்டுக் கொடுத்தால் அவள் ஜூலையில் கொச்சிக்கு வேலை பழகப் போவாள். போடாவிட்டால் அவள் இடத்துக்கு வேறொரு பிள்ளை போகும். நான் போடப் போவதில்லை.

அப்படிப் பார்க்காதீர்கள். முழுக்கக் கேளுங்கள். கேட்டுவிட்டு நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

முதல் நாள் வகுப்பில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். கட்டியவர்கள் இந்தக் கூடத்தில் எதைக் கட்டினார்கள்? சுவர் என்பான் ஒருவன். கூரை என்பான். ஜன்னல் என்பாள் ஒருத்தி. எதுவும் இல்லை. சுவருக்கும் சுவருக்கும் நடுவே நாம் உட்கார்ந்திருக்கிறோமே, இதைத்தான் கட்டினார்கள். சுவர் வெறும் டம்ளர், குடிப்பது தண்ணீரை. இதைச் சொல்லி ஒரு நிமிடம் பேசாமல் நிற்பேன். இருபத்தொரு வருடமாக அந்த ஒரு நிமிடம் தவறியதில்லை. போன வருடம் மட்டும், இந்த முப்பிடாதி வகுப்பில், ஜெரின் என்று ஒரு மார்த்தாண்டத்துப் பையன் எழுந்து, "ஆனா சார், சிமெண்ட் சுவருக்குத்தான வாங்குதோம்" என்றான். புத்திசாலி. உட்காரச் சொன்னேன்.

இடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பிள்ளைகள் உடனே எண்ணுக்குத் தாவிவிடும். பத்துக்குப் பத்து அறை, மூன்றுக்கு ஏழு கதவு. எங்கேயோ கேட்டதைச் சொல்வார்கள். அதனால் நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். முதல் ஆறு வாரம் யாரும் ஸ்கேலைத் தொடக் கூடாது. டேப்பும் கூடாது. அளப்பதற்கு ஓர் ஆளைத் தருவேன்.

ஆள் என்றால் அட்டை ஆள், அண்ணாச்சி. பக்கவாட்டில் நிற்கிற மாதிரி, ஒரு கையை லேசாகத் தூக்கிக்கொண்டு. நான் ஒன்று வெட்டித் தருவேன்; அதைப் பார்த்து எல்லாரும் படி எடுத்து வெட்டிக்கொள்ள வேண்டும். பிறகு அவனை வைத்துத்தான் எல்லாம். அவன் குனியாமல் நுழைந்தால் அது வாசல். கால் தரையில் படும்படி உட்கார்ந்தால் அது இருக்கை. அவன் கண்ணுக்கு நேராக இருந்தால் அது ஜன்னல். எண் என்பதே வேண்டாம். உடம்பை வைத்து யோசி என்பது என் கொள்கை. அவன் உயரம் நூற்றெழுபத்தைந்து சென்டிமீட்டர். ஐந்தடி ஒன்பதங்குலம். நல்ல சராசரி உயரம். தற்செயலாக என் உயரமும் அதுதான்.

என் வீட்டையும் அந்தக் கொள்கையில்தான் கட்டினேன். பெருமாள்புரத்தில், பதினெட்டு வருடமாகிறது. சமையலறை அலமாரிக்கு மட்டும் என் மனைவி ஒரு முக்காலி போட்டு ஏறுகிறாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே எதிலாவது ஏறி நிற்கிற பழக்கம் என்று நினைக்கிறேன்.

எங்கே விட்டேன்? ஆள். போன ஆகஸ்டில் பழைய ஆளுக்குக் கழுத்து ஒடிந்துவிட்டது. புதிதாக ஒன்று வெட்டினேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள், நாற்பத்திரண்டு ஆள். கொடுத்த வேலை சின்னது: இரண்டு பேர் காத்திருப்பதற்கு ஓர் இடம். பஸ்ஸுக்கோ, மழை விடுவதற்கோ, டாக்டருக்கோ, எதற்கென்று நான் சொல்லமாட்டேன். வெள்ளை அட்டையில், ஒன்றுக்கு இருபத்தைந்து விகிதத்தில். அதாவது நிஜத்தில் இருபத்தைந்து அடி இருந்தால் மாதிரியில் ஓர் அடி. உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் காலை. பதினொரு மணி இருக்கும். இந்த முப்பிடாதி கையைத் தூக்கினாள்.

"சார், ஒரு டவுட்டு."

"சொல்."

"இந்த ஆளு ஏழடி ரெண்டு இஞ்சு இருக்காரு சார்."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "யார் அளக்கச் சொன்னது?" என்றேன்.

"யாரும் சொல்லல சார். தாள்ல ஒன்றுக்கு இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கு. ஆளு எட்டே முக்கால் சென்டிமீட்டர் இருக்காரு. பெருக்கிப் பாத்தேன்."

"விதி என்ன?"

"ஸ்கேலத் தொடக் கூடாது."

"தொட்டாயா?"

"தொட்டேன் சார்."

"அப்புறம் என்ன டவுட்?"

கொஞ்சம் யோசித்தாள். "இவரு எங்க ஊரு பஸ்ல ஏறுனா தலை இடிக்கும் சார். அதான்."

இதை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்? துடுக்கு என்பீர்கள். நான் அதுகூடச் சொல்லவில்லை. அமைதியாக அவளுடைய ஸ்டூடியோ டைரியை வாங்கினேன். அதுதான் அந்தக் கறுப்பு நோட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று உண்டு; ஆசிரியர்கள் வாரா வாரம் அதில் குறிப்பு எழுதுவோம். ஐந்து வருடமும் பிள்ளையோடு கூடவே போகும். வேலை பழகப் போகிற இடத்தில் மார்க் ஷீட்டைப் பார்க்கிறார்களோ இல்லையோ, இந்த டைரியைப் புரட்டாமல் விடமாட்டார்கள். அதில் சிவப்பு மையால் எழுதினேன். "அளவுணர்வு இல்லை." கீழே தேதி, கையெழுத்து.

கட்டடக்கலை படிக்கிற பிள்ளையைப் பார்த்து அளவுணர்வு இல்லை என்பது, பாடகரைப் பார்த்துக் காது கேட்காது என்பது மாதிரி. தெரிந்துதான் எழுதினேன். சில பிள்ளைகளுக்கு அந்த அதிர்ச்சி தேவைப்படுகிறது.

அவள் அதைப் படித்தாள். மேஜைக்குப் போய் என் ஆளை ஓர் உறைக்குள் போட்டு வைத்துவிட்டு, வேறொரு ஆளை வெட்டத் தொடங்கினாள்.

அடுத்த ஆறு வாரம் அருமையாகப் போயிற்று. நாற்பத்தொரு பிள்ளைகளும் ஆளை வைத்து வைத்துப் பார்த்து, பிரித்து, மறுபடி ஒட்டி, அப்படி ஓர் உழைப்பு. மாதிரிகளில் ஒரு கம்பீரம் வந்திருந்தது, அண்ணாச்சி. இருபத்தொரு வருடத்தில் நான் பார்க்காத கம்பீரம். உயரமான வாசல், அகலமான படி. இந்த வருடம் பிள்ளைகள் நல்ல மாதிரி அமைந்திருக்கின்றன என்று மேடத்திடம்கூடச் சொன்னேன். என்னோடு சேர்ந்து வகுப்பு எடுக்கிற பெவின் என்கிற நாகர்கோவில் பையன் மட்டும் ஒரு நாள் என்னிடம் வந்து, "சார், எதுக்கும் ஒரு தடவ அளந்து பாத்திரலாமா?" என்றான். ஆசிரியரே விதியை மீறினால் பிள்ளைகள் எப்படி மதிப்பார்கள் என்று கேட்டேன். போய்விட்டான். நல்ல பையன். சொன்னால் புரிந்துகொள்வான்.

முப்பிடாதியின் மாதிரி மட்டும் அந்த வரிசையில் தீப்பெட்டி மாதிரி இருந்தது. பக்கத்தில் இருக்கிற மாதிரிகளெல்லாம் அதைக் குனிந்து பார்ப்பது போல.

"ஏன் இவ்வளவு சின்னது?"

"சின்னது இல்ல சார். இவ்வளவுதான் வேணும்."

"இது யார்?" உள்ளே ஒரு குட்டி ஆள் உட்கார்ந்திருந்தது. ஆறு சென்டிமீட்டர் இருக்கும்.

"நாந்தான் சார்."

"உன்னை யார் வைக்கச் சொன்னது?"

"பக்கத்துல நிக்குறது எங்க அண்ணன் சார். அவன் ஏழு சென்டிமீட்டர்."

குடும்பத்தோடு வந்துவிட்டாள் பாருங்கள். முப்பத்தெட்டு மார்க் போட்டேன். தேற ஐம்பது வேண்டும். ஸ்டூடியோவில் தேறாவிட்டால் அந்த வருடமே போய்விடும். அடுத்த பிள்ளைகளோடு திரும்ப உட்கார வேண்டும். எனக்கும் வருத்தம்தான். ஆனால் விதி விதிதானே.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். ஆறு வாரம் முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. சிறந்த மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை அப்படியே நிஜ அளவில் பிள்ளைகளே கட்ட வேண்டும். மாதிரியை அளந்து இருபத்தைந்தால் பெருக்குவார்கள். அன்றைக்குத்தான் ஸ்கேலைத் தொட அனுமதி. ஃபிரிட்ஜ் வருகிற அட்டைப் பெட்டிகளை நாகர்கோவிலில் ஒரு கடையிலிருந்து லாரியில் கொண்டுவந்து, மூங்கில் கட்டி, மூன்று நாள் வேலை. வெளியே கட்ட முடியாது; எங்கள் ஊர்க் காற்று தெரியுமே, பணகுடியில் கட்டினால் காவல்கிணறில் போய்ப் பொறுக்க வேண்டும். பட்டறைக்குள்தான் கட்டுவோம். ஜெரினுடைய மாதிரி தேர்வாயிற்று. மூன்று படி ஏறி, உட்கார்ந்து, ஜன்னல் வழியே வெளியே காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிற மாதிரி அழகான யோசனை.

கட்டிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் கொஞ்சம் அமைதியானார்கள். களைப்பு என்று நினைத்தேன்.

திறந்து வைக்க மேடம் வந்தார்கள். டாக்டர் ஜெயசீலி. நீங்கள் இன்னும் பார்க்கவில்லை அல்லவா? ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. முதல் படியில் கால் வைத்தார்கள். இரண்டாவது படிக்குப் பெவினின் தோளைப் பிடித்தார்கள். மூன்றாவதில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டார்கள். பிறகு இருக்கையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள் என்பதைவிட ஏறினார்கள் என்பது சரி. கால் இரண்டும் தரைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன.

மேடம் ஜன்னல் பக்கம் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"தம்பி, இந்த ஜன்னல்ல என்ன தெரியணும்?" என்று கேட்டார்கள்.

ஜெரின், "காத்தாடி தெரியணும் மேடம்" என்றான்.

"எனக்கு டியூப்லைட்டுல்ல தெரியுது."

அதற்குப் பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காலை ஆட்டிக்கொண்டே. "கோமதிநாயகம் சார், எனக்கு எப்ப மறுபடியும் அஞ்சு வயசு ஆச்சு?"

நாற்பத்திரண்டு பிள்ளைகளும் என்னைப் பார்க்கிறார்கள். பெவின் தரையைப் பார்க்கிறான். அண்ணாச்சி, ஒரு நல்ல ஆசிரியனுடைய வாழ்க்கையில் அப்படி ஒரு கணம் ஒரு தடவைதான் வரும். நான் ஓர் அடி முன்னால் வந்து, "மேடம், இதுதான் பாடம்" என்றேன்.

எல்லாரும் விழித்தார்கள். நான் சொன்னேன்: "ஆறு வாரமாக இந்தக் கணத்துக்காகத்தான் காத்திருந்தேன். ஆசிரியர் தந்த அளவாகவே இருந்தாலும் சொந்த உடம்பால் சோதிக்காமல் நம்பாதே. இதைக் கரும்பலகையில் எழுதியிருந்தால் பிள்ளைகள் மறுநாள் மறந்திருப்பார்கள். அதனால்தான் வேண்டுமென்றே தவறான ஓர் ஆளைக் கொடுத்தேன்."

பேசப் பேச எனக்கே அது எவ்வளவு ஆழமான முறை என்று புரிந்தது. ஜெரின் கைதட்டத் தொடங்கினான். அவன் மாதிரியைக் காப்பாற்ற வேண்டுமே. மற்றவர்களும் தட்டினார்கள். முப்பிடாதி தட்டவில்லை. மேடம் இறங்குவதற்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார்கள். டீ வந்தது. மேஜையில் அந்தத் தீப்பெட்டி மாதிரி இருந்தது.

"வேணும்னே செஞ்சீங்க. சரி. சோதனைன்னா சோதனை. அதுல தேறினது எத்தன பேரு சார்?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. "மேடம், எல்லாரும் நன்றாக..."

"ஆளு தப்புன்னு கண்டுபிடிச்சது எத்தன பேரு?"

"ஒருத்தி."

"அவளுக்கு நீங்க போட்ட மார்க்கு?"

டீ நன்றாக இருக்கிறது என்றேன். அவர்கள் அந்த மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "எண்பது மார்க்கு வாங்குனவன் கட்டுனதுல என் காலு எட்டல. முப்பத்தெட்டு வாங்குனவ கட்டுனதுல நான் உக்காரலாம் போல இருக்கே" என்றார்கள். சாயங்காலத்துக்குள் முப்பத்தெட்டைத் தொண்ணூற்றிரண்டு ஆக்கினேன். வகுப்பிலேயே அதிகம். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். என் முறையில் நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தி தேறியிருக்கிறாள் என்றால் அது என் முறைக்குக் கிடைத்த வெற்றிதானே? இதை ஒரு கட்டுரையாக எழுதிக் கருத்தரங்குக்கு அனுப்பலாம் என்றுகூட இருக்கிறேன்.

இங்கே முடிந்திருக்க வேண்டும். பிள்ளையின் வருடம் தப்பியது, தொண்ணூற்றிரண்டும் கிடைத்தது. வேறு பிள்ளையாக இருந்தால் லட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கும். இவள் டைரியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மார்க்குக்கு தேங்க்ஸ் சார். இந்த வரிய அடிச்சிருங்க."

"எந்த வரி?"

"அளவுணர்வு இல்லை."

"மார்க்தான் வந்துவிட்டதே. மார்க் வேறு, குறிப்பு வேறு. மார்க் கல்லூரி தருவது. குறிப்பு அந்த நாளின் பதிவு. எழுதியதை அடிப்பது என் பழக்கமில்லை."

நின்றாள். பிறகு மெதுவாக, "வேணும்னேதான தப்பான ஆளக் குடுத்தீங்க சார்?" என்றாள்.

"ஆமாம்."

"அப்ப நான் ஏழடின்னு சொன்ன அன்னைக்கே, நான் சொல்றது சரின்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சார் இப்படி எழுதுனீங்க?"

அண்ணாச்சி, பதினெட்டு வயது. கண்ணில் கோபம் இல்லை, ஒன்றும் இல்லை. அட்டை வெட்டும்போது கத்தியை எங்கே வைக்கலாம் என்று பார்ப்பாளே, அதே பார்வை. "உன் உறுதியைச் சோதிக்க" என்றேன்.

"சோதிச்சு முடிஞ்சிருச்சுல்ல சார். அடிச்சிருங்க."

அடிக்கவில்லை. ஏன் என்று உங்களுக்குப் புரியும். அந்த வரியை அடித்தால், எழுதிய அன்றைக்கு எனக்கு விஷயம் தெரியாது என்று ஆகிவிடும். தெரியாது என்று ஆனால், பட்டறையில் நான் பேசினேனே, அது என்ன ஆகும்? இருபத்தொரு வருடம் என்ன ஆகும்?

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் அவளும் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். இப்போது கொச்சியில் ஓர் அம்மா, சின்னச் சின்ன வீடுகளாகக் கட்டுகிறவர், வருடத்துக்கு ஒரே ஒரு பிள்ளையை எடுத்துக் கூடவே வைத்துக்கொண்டு ஒரு மாதம் வேலை பழக்குகிறாராம். எங்கள் கல்லூரியிலிருந்து இதுவரை யாரையும் எடுத்ததில்லை. இவள் அந்தத் தீப்பெட்டியின் படத்தை அனுப்பியிருக்கிறாள். உடனே எடுத்துக்கொள்கிறேன் என்று பதில். டைரியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாராம். அனுப்பியிருக்கிறாள், அந்தப் பக்கத்தையும் சேர்த்து. அதை விட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அதற்கு அந்த அம்மா எழுதியிருக்கிறார்: ஒரே ஆசிரியர் தொண்ணூற்றிரண்டும் போட்டு, அளவுணர்வு இல்லை என்றும் எழுதியிருக்கிறார், இரண்டில் எது உண்மை என்று அவர் கையெழுத்தோடு டைரியையே அனுப்பவும்.

நான் கல்மனசுக்காரன் இல்லை. நான்கு பக்கத்துக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். என் முறை என்ன, அதில் இவள் எப்படித் தேறினாள், எல்லாம் விளக்கமாக. "நாலு பக்கம் வேண்டாம் சார், ஒரு வரிய அடிச்சா போதும்" என்கிறாள். மூன்று திங்கட்கிழமையாக இதே பேச்சு. இன்றைக்குக் காலையிலும் வந்து கேட்டாள். முடியாது என்றேன். சரி சார், நாலு மணி வரைக்கும் கீழே இருக்கேன் என்று போய் உட்கார்ந்துவிட்டாள். இப்போது மணி என்ன? மூன்று இருபதா?

சொல்லுங்கள், யார் பக்கம் நியாயம்?

என்ன? ஏன் எட்டே முக்கால் என்றா கேட்கிறீர்கள்? வேண்டுமென்றே தப்பாக வெட்டுகிறவன் ஒன்பது என்று வைத்திருப்பானே, பத்து என்று வைத்திருப்பானே, கடையில் யாரும் எட்டே முக்காலில் வேண்டுமென்றே தப்பு செய்யமாட்டார்களே என்றா?

இல்லை அண்ணாச்சி, அப்படி இல்லை. எட்டே முக்கால் சும்மா வந்த எண் இல்லை. அது துல்லியமான எண். இதைக் கையில் பிடியுங்கள். முக்கோண ஸ்கேல். மூன்று விளிம்பு, விளிம்புக்கு இரண்டு பக்கம், ஆக ஆறு. ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு விகிதம். கோட்டில் நிஜ அளவே எழுதியிருக்கும். நாம் பெருக்கவோ வகுக்கவோ வேண்டாம். இந்தப் பக்கம் ஒன்றுக்கு இருபது. லேசாகத் திருப்புங்கள். பார்த்தீர்களா, ஒன்றுக்கு இருபத்தைந்து. ஓரத்தில் எழுதியிருக்கிற எழுத்து எவ்வளவு பொடி என்று பாருங்கள். கண்ணாடி இல்லாமல் இருபதா இருபத்தைந்தா என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு என் கண்ணாடி பெவின் மேஜையில் இருந்தது. ஸ்கேலை எடுத்தேன், நூற்றெழுபத்தைந்தில் புள்ளி வைத்தேன், வெட்டினேன். இருபதின் பக்கத்தில் நூற்றெழுபத்தைந்து சரியாக எட்டே முக்காலில் வரும். அரை மில்லிமீட்டர் பிசகவில்லை. வெட்டில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. பக்கம்தான்...

பக்கம்தான் வேறு.

ம்.

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். தேக்கில் ஓர் அங்குலம் குறைத்து அறுத்துவிட்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? பார்ட்டியிடமே சொல்லிவிடுவீர்களா? அப்படியா. சொல்லாவிட்டால் வாசலில் மாட்டும்போது தெரிந்துவிடும். அதுவும் சரிதான்.

யார் அது கதவுக்குப் பக்கத்தில்? முப்பிடாதி, நீ எப்போது வந்தாய்? கேட்டீர்களா அண்ணாச்சி, கண்ணாடியைப் பெவின் மேஜையில் விட்டேன் என்று சொன்னேனே, அப்போதிலிருந்து நிற்கிறாளாம். ஒட்டுக்கேட்கவில்லையாம், உங்கள் மகள் பட்டறையைப் பார்த்துவிட்டாள், அப்பாவைக் கீழே கூப்பிடுகிறாள் என்று சொல்ல வந்தாளாம்.

இப்போது என்ன சொல்கிறாள் பாருங்கள். "இத அப்படியே எழுதிக் குடுங்க சார்" என்கிறாள். வேறு ஒன்றும் வேண்டாமாம். வெளியாள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை.

கொடு. அந்தப் பக்கத்தை எடு. பேனா... உங்களிடம் இருக்கிறதா அண்ணாச்சி? நீலம் போதும். என்னுடையதில் சிவப்புதான் இருக்கிறது.

அடித்துவிட்டேன். போதுமா? போதாதாம். எது உண்மை என்று கேட்டிருக்கிறார்கள், அடித்தால் மட்டும் எப்படித் தெரியும் என்கிறாள். இரு, எழுதுகிறேன். "உருவம் ஏழு சென்டிமீட்டர் இருந்திருக்க வேண்டும். எட்டே முக்கால் சென்டிமீட்டராக வெட்டப்பட்டது." சரியா?

"யாரால சார்?" என்கிறாள்.

இவளுக்கு இப்படிக் கேட்கச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். வரைபடத்தில் எதையும் பொதுவாக எழுதாதே, குறிப்பாக எழுது என்று வருடம் முழுக்கக் கத்தியிருக்கிறேன். சரி. "எட்டே முக்கால் சென்டிமீட்டராக நான் தவறுதலாக வெட்டினேன். மாணவி இரண்டாம் நாளே அளந்து சொன்னார். மேலே அடித்துள்ள குறிப்பு சரியல்ல." கீழே கையெழுத்து. தேதி. படித்துப் பார்த்துக்கொள். எழுத்துப்பிழை இருந்தால் இப்போதே சொல்.

போ. மணி மூன்று முப்பத்தைந்து. படியில் ஓடாதே. ஓடுகிறாள் பாருங்கள்.

என்ன சொல்கிறீர்கள் அண்ணாச்சி? பட்டறையில் மேடம் முன்னால் இதைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும் என்றா? முடிந்திருக்கும். அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று வெளியிலிருந்து அளக்க முடியாது. மேடத்திடமும் நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் முந்திவிடாதீர்கள். கட்டுரையை என்ன செய்வது என்று தெரியவில்லை. தலைப்பு நன்றாக வந்திருந்தது.

எழுந்துவிட்டீர்களா? மகளை அந்தப் பெண்ணோடு ஐந்து நிமிடம் பேச வைக்க வேண்டுமா? தாராளமாக. கேட்க வேண்டியதை எல்லாம் அவளிடமே கேட்கட்டும். ஆனால் முதலாண்டுக்கு எடுப்பது நான்தான், அதையும் மகளிடம் சொல்லி வையுங்கள். ஏன், முகம் அப்படிப் போகிறது? சரி, சரி, கீழே இறங்குங்கள் முதலில். கூரியர்க்காரன் வருவதற்குள் பிடித்தால்தான் உண்டு. ஜூலை முழுக்க அவள் கொச்சியில் இருப்பாள்.